மூன்று பேருக்கு ஒரு தொண்டை

விழுப்புரத்தில் எனக்கு ஓட்டு கிடையாது. ஆனாலும் அந்த வார்டில் என்னைவிட அதிகமாக ஓட்டுக் கேட்டவர் யாரும் இல்லை. நகராட்சித் தேர்தலில் கவுன்சிலர் பதவிக்கு மூன்று பேர் நின்றார்கள். மூன்று பேருக்கும் நான்தான் கேட்டேன். காலையில் ஒருவருக்கு, உச்சி வெயிலில் இன்னொருவருக்கு, பொழுது சாய்ந்த பிறகு மூன்றாமவருக்கு.

அது எண்பதுகளின் நடுவில். எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். திண்டிவனத்தில் ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். லாரியில் கிளீனராகப் போனேன். முண்டியம்பாக்கம் பக்கம் கரும்பு வெட்டினேன். புதுச்சேரியில் ஒரு ஓட்டலில் மாவாட்டினேன். எந்த வேலையிலும் இரண்டு பொங்கலைச் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை. பசி இருந்தது, அது எல்லோருக்கும்தான் இருந்தது. கடைசியில் திண்டிவனத்திலேயே ஒரு ஒலிபெருக்கிக் கடையில் ஒட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மரத்தில் ஏறிக் கூம்பு கட்டுவது என் வேலை.

ஒருமுறை தீமிதித் திருவிழாவில் குழந்தை ஒன்று காணாமல் போய்விட்டது. மைக்கில் சொல்ல வேண்டியவர் சாராயக் கடையில் இருந்தார். நான் சொன்னேன். கூட்டமே திரும்பிப் பார்த்தது. குழந்தை கிடைத்தது. முதலாளிக்கு ஓர் அறிவிப்பாளனும் கிடைத்தான்.

தேர்தல் வந்ததும் ஊரில் கூம்புக்குப் பஞ்சம். நல்ல செட்டுகளையெல்லாம் நகராட்சித் தலைவர் பதவிக்கு நின்றவர்கள் முன்பணம் கொடுத்து மடக்கிவிட்டார்கள். வார்டுக்கு நின்றவர்களுக்கு மிச்சம் மீதி. முதலாளி என்னிடம் ஒரு ஆம்ப்ளிபயர், ஒரு பாட்டரி, இரண்டு கூம்பு ஆகியவற்றைக் கொடுத்து விழுப்புரத்துக்கு ரயில் ஏற்றினார்.

"மூணு பேரு சொல்லி வச்சிருக்காங்க. செட்டு ஒண்ணுதான் இருக்குது. நேரம் பிரிச்சிக்கினு ஓட்டு" என்றார்.

"மூணு பேரும் ஒரே வார்டாச்சே, மொதலாளி?"

"அதனால என்னா? ஒனக்கு அலைச்சல் மிச்சம்."

பேச வேண்டியதையும் அவரே சொல்லிக் கொடுத்தார். அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே, ஒருவருக்கு ஒரு ஓட்டு, அந்த ஒரு ஓட்டைச் சிந்தாமல் சிதறாமல் இன்னாருக்கு இன்ன சின்னத்தில் முத்திரையிட்டு வெற்றிபெறச் செய்யுங்கள். ஏதோ ஒரு சட்டமன்றத் தேர்தலில் அவர் வாய் வலிக்கச் சொன்னது அது. ஆளுக்கும் சின்னத்துக்கும் மட்டும் இடம் விட்டு எனக்குக் கொடுத்தார். நான் மனப்பாடம் செய்துகொண்டேன்.

அந்த வார்டின் கதையை விழுப்புரம் போன முதல் நாளே டீக்கடையில் கேட்டுவிட்டேன். கேட்காமலே சொன்னார்கள். நகராட்சிக்குத் தேர்தல் நடந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நடுவில் கவுன்சிலும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. தனி அதிகாரி ஒருவர் வருவார், மாற்றலாவார், இன்னொருவர் வருவார். அதற்கு முன்னால் இரண்டு தடவை கவுன்சிலராக இருந்தவர் அரிசி மண்டிக்காரர். முதல் தடவை அவரை எதிர்த்து யாரும் நிற்கவில்லை. இரண்டாம் தடவை நின்றவரும் கடைசி நாளில் விலகிவிட்டார். ஆக அந்த வார்டு ஜனங்கள் கவுன்சிலுக்கென்று ஓட்டுப் போட்டதே இல்லை.

"அவுரு ஆண்ட காலத்துல வார்டுக்கு என்னா வந்துது?" என்று கேட்டேன்.

டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார். "ஒரு வெளக்குக் கம்பம் வந்துது தம்பி. அவுரு வூட்டு வாசல்ல."

இந்தத் தடவையும் அவர் குடைச் சின்னத்தில் நின்றார். இரண்டாமவர் மரவாடி வைத்திருந்தவர். மரம் அறுக்கும் மில்லும் இருந்தது. பெரிய கட்சி ஒன்று அவரை நிறுத்தியிருந்தது. மூன்றாவது ஆள் ரயிலில் அவித்த வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, விற்கும் ஒரு அக்கா. சுயேச்சை. அவருக்குத் தராசுச் சின்னம் ஒதுக்கியிருந்தார்கள். வாழ்நாள் முழுக்க ஆழாக்கில் அளந்து விற்றவர் அவர்.

"ஆழாக்குன்னு ஒரு சின்னம் இல்லியான்னு கேட்டேன் தம்பி. அந்த ஆபிசரு சிரிக்கவே இல்ல" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

காலை நேரத்தை மரவாடிக்காரர் எடுத்துக்கொண்டார். மாலை நேரம் மண்டிக்காரருக்கு. உச்சி வெயில் நேரத்தில் யார் கேட்பார்கள் என்று அதை இருவரும் ஒதுக்கிவிட்டார்கள். வாடகையும் குறைவு. அது அக்காவுக்கு வந்தது.

செட்டை ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் கட்டினேன். ஓட்டுவதும் நான், பேசுவதும் நான். மைக்கைத் துண்டால் ஹேண்டில்பாரில் கட்டிவைத்து, மேட்டில் ஏறும்போது மிதித்துக்கொண்டே பேசுவேன். மூச்சு வாங்குவது கூம்பில் கேட்கும். அதை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. நேரம் மாறும்போது வண்டியின் முன்னால் இருக்கும் துணியை அவிழ்த்து வேறு துணி கட்டுவேன். அவ்வளவுதான். குரல் அதேதான்.

இரண்டு நாளில் ஜனங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"யோவ் மைக்கு, காலைல மரவாடி நல்லவருன்ன, இப்ப தராசு நல்லதுன்ற. சாயந்தரம் யாரு?"

"சாயந்தரம் குடைங்க."

"ராத்திரிக்கு?"

"ராத்திரிக்குப் பிளாட்பாரங்க."

உண்மையில் பிளாட்பாரத்தில்தான் படுத்தேன். மூன்றாம் நாள் தொண்டை கட்டிவிட்டது. உச்சி வெயிலில் அக்காவின் தெருவுக்குள் வண்டி போனபோது காற்றுதான் வந்தது. அக்கா வண்டியை நிறுத்தச் சொன்னார். வீட்டுக்குள்ளிருந்து கேப்பைக் கூழ் கொண்டுவந்து கொடுத்தார்.

"குடி. காலைல அந்தாளுக்குக் கத்தனது போக மிச்சத்த எனக்குக் கத்துவ போல இருக்குது."

"அப்படி இல்லக்கா."

"இருக்கட்டும். அவுருக்கும் நல்லாத்தான் கத்தன. நானே கேட்டுக்கினு இருந்தேன்."

அன்றிலிருந்து அவர் வீட்டு வாசலில் படுக்கை. அவர் ஏன் நிற்கிறார் என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். யாரும் சொல்லவில்லை. பார்த்தாலே தெரிந்தது.

வார்டு இரண்டு பாதியாக இருந்தது. கடைத்தெருவை ஒட்டி மேட்டுத் தெருக்கள். அங்கே வீட்டுக்கு வீடு கிணறோ குழாயோ இருந்தது. தண்டவாளத்தை ஒட்டிப் பள்ளத் தெருக்கள். அங்கே தோண்டினால் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் தண்டவாளங்களைத் தாண்டி ஸ்டேஷன் பக்கம் போக வேண்டும். மெட்ராஸிலிருந்து வரும் கரண்டு எஞ்சினை விழுப்புரத்தில் கழற்றிவிட்டு, அதற்குப் பிறகு போக வேண்டிய வண்டிகளுக்குக் கரி எஞ்சின் மாட்டுவார்கள். அந்த எஞ்சின்களுக்குத் தண்ணீர் ஊற்ற யானைத் தும்பிக்கை போல ஒரு பெரிய குழாய் நின்றது. விடியற்காலையில் எஞ்சின் குடித்துவிட்டுப் போனதும் தும்பிக்கையிலிருந்து ஒழுகும் தண்ணீரையும், பக்கத்தில் இருந்த சின்னக் குழாயின் தண்ணீரையும் பெண்கள் பிடிப்பார்கள். ரயில்வேக்காரர்கள் பார்த்தும் பார்க்காததுபோல இருப்பார்கள். நடுவில் கூட்ஸ் வண்டி நின்றால் சுற்றிக்கொண்டு போக நேரமாகும். குடத்தை முன்னால் தள்ளி, குனிந்து வண்டிக்கு அடியில் புகுந்து போவார்கள்.

அக்காவின் மகள் அப்படிப் புகுந்தபோது கூட்ஸ் நகர்ந்துவிட்டது. அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. இடது காலில் பாதிப் பாதம் போய்விட்டது. நான் பார்த்தபோது பத்தொன்பது. செருப்பில் துணி அடைத்து நடப்பாள். வாய் அவளுக்கு அம்மாவைவிடப் பெரிது. அதற்குப் பிறகு அக்கா அவளைத் தண்ணீருக்கு அனுப்பியதில்லை. தானும் வண்டிக்கு அடியில் புகுந்ததில்லை. கூட்ஸ் எவ்வளவு நீளம் நின்றாலும் கடைசிப் பெட்டிவரை நடந்து சுற்றித்தான் போவார். பாதி நாட்களில் அவர் போய்ச் சேரும்போது தண்ணீர் நின்றிருக்கும்.

தனி அதிகாரிகளுக்கு மனுப் போட்டார்கள். ஒருவர் பார்க்கிறேன் என்றார். அடுத்தவர் தண்டவாளத்துக்கு அடியில் குழாய் பதிக்க ரயில்வே அனுமதி வேண்டும் என்றார். அதற்கடுத்தவர் அது கவுன்சில் வந்துதான் முடிவு செய்ய வேண்டும் என்றார். கவுன்சில் வரப்போகிறது என்று தெரிந்ததும் அக்கா அதிலேயே நிற்கப் போய்விட்டார். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குழாய். அவர் கேட்டது அது ஒன்றுதான். நான் மைக்கில் பள்ளிக்கூடம், ரோடு, விளக்கு என்று சேர்த்துச் சொன்னபோது நிறுத்தினார்.

"அதெல்லாம் சொல்லாத. கொழா மட்டும் சொல்லு. நான் செய்ய முடியாதத எதுக்குச் சொல்ற?"

"எல்லாரும் சொல்றாங்கக்கா."

"அதான் சொல்றேன், நீ சொல்லாத."

ஓட்டுப் பதிவுக்கு முன்னால் மைக் பிரச்சாரம் முடிந்தது. கூம்புகளை இறக்கிச் சாக்கில் கட்டினேன். எனக்கு அடுத்த வண்டிக்குத் திண்டிவனம் போய்விட வேண்டும். முதலாளியும் காத்திருப்பார். ஆனால் ஓட்டுப் பதிவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தங்கினேன். ஒரு வேலை எப்படி முடிகிறது என்று இருந்து பார்த்தது என் வாழ்க்கையில் அது முதல் தடவை.

ஓட்டுப் பதிவுக்கு முந்தின நாள் மத்தியானம் அக்காவின் மகள் தெருப் பெண்களை வாசலில் உட்காரவைத்து ஓட்டுப் போடப் பழக்கினாள். பழைய காலண்டர் தாள்களில் சின்னங்களை வரைந்திருந்தாள். முத்திரைக்கு ஒரு பாட்டில் மூடியும் மையும். தலைவர் பதவிக்கு ஒரு சீட்டு, வார்டுக்கு ஒரு சீட்டு. இரண்டையும் கையில் கொடுத்துச் சாக்கு மறைவுக்குள் அனுப்பினாள்.

"எனக்கு வயசு பத்தாது, ஓட்டு இல்ல. ஒனக்கு ஊரே கெடயாது, ஓட்டு இல்ல. நம்ம ரெண்டு பேரும் ஓட்டுப் போடக் கத்துக் குடுக்கறோம் பாரு" என்றாள் என்னிடம்.

முதலில் போனவர் எதிர்வீட்டு அம்மா. வெளியே வந்து இரண்டு சீட்டையும் மடித்துச் சட்டியில் போட்டார். பிரித்துப் பார்த்தால் தலைவர் சீட்டில் முத்திரை அழகாக இருந்தது. வார்டுச் சீட்டு வெறுமையாக இருந்தது.

"பெரிம்மா, இதுல குத்தலியே?"

"ஒண்ணுல குத்திட்டேனே."

"ரெண்டுலயும் குத்தணும்."

"எதுக்குடி? ஒருத்தருக்கு ஒரு ஓட்டு. ரெண்டு போட்டா கள்ள ஓட்டு. போலீஸ்காரன் வாசல்லயே நிக்கறான், புடிச்சிக்கினு போவட்டும்னா?"

மகள் அடுத்தவரை அனுப்பினாள். அவரும் ஒன்றில்தான் குத்தினார். அதற்கடுத்தவரும். மேலாக இருந்த சீட்டில் குத்திவிட்டு, மற்றதை நாணயமாக வெறுமனே மடித்துப் போட்டார்கள்.

"போன எலெக்‌ஷன்ல ரெண்டு சீட்டு குடுக்கல? ரெண்டுலயும் குத்தனீங்களே?" என்று மகள் கத்தினாள்.

"அது டில்லிக்கு ஒண்ணு, மெட்ராஸுக்கு ஒண்ணு. இந்த ஊரு ஒரே ஊரு. அதுக்கு எதுக்கு ரெண்டு?"

"யாரு சொன்னது ஒண்ணுதான்னு?"

எதிர்வீட்டு அம்மா என்னைக் காட்டினார். "இந்தத் தம்பிதான். மரவாடிக்காரருக்குப் பேசும்போதும் ஒண்ணுன்னுச்சு, குடைக்காரருக்குப் பேசும்போதும் ஒண்ணுன்னுச்சு, ஒங்கம்மாவுக்கும் ஒண்ணுதான்னுச்சு. மத்ததுல எல்லாம் மூணு பேரும் வேற வேற சொன்னாங்க. இது ஒண்ணுதான் மூணு பேரும் ஒண்ணா சொன்னது. அப்ப அது நெசமாத்தான இருக்கும்?"

ஒன்றுமே நம்பாத ஜனங்கள் நான் சொன்னதில் அந்த ஒரு வரியை மட்டும் நம்பியிருந்தார்கள். பெரிய கட்சிக்காரர்களும் இதைச் சொல்லித் தரவில்லை. அவர்கள் தலைவர் பதவிக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சீட்டில் குத்தினால் போதும் அவர்களுக்கு. மைக்கைத் திரும்பக் கட்டலாம் என்றால் நேரம் முடிந்துவிட்டது. கட்டினால் போலீஸ் செட்டையே எடுத்துப் போய்விடும்.

அக்கா சாயங்கால வண்டியிலிருந்து இறங்கி வந்தார். கூடையைக் கீழே வைக்குமுன் மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"பேஜாரா போச்சும்மா. வூடு வூடா போயி நம்ம ஆளுங்களுக்கு மட்டும் சொல்லிடலாம். மத்தவங்க வெறும் சீட்டப் போட்டா போட்டுக்கினு போறாங்க. நமக்குத்தான நல்லது?"

அக்கா கூடையில் ஒட்டியிருந்த தோலைத் தட்டிக்கொண்டிருந்தார். "நம்ம ஆளு யாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

"பின்ன?"

"எனக்குத் தெரியாது. நெத்தியில எழுதியா ஒட்டியிருக்குது? வூடு வூடா போறதுக்கு நேரமும் இல்ல." கொஞ்சம் யோசித்தார். "விடியக்காலைல எல்லாரும் எங்க இருப்பாங்க?"

மகள் தண்டவாளத்தின் பக்கம் பார்த்தாள். அவளுக்குத் தெரியும்.

விடிவதற்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் கிளம்பினோம். ஐந்து வருஷத்துக்குப் பிறகு மகள் அந்தப் பக்கம் வருவது அதுதான் முதல் தடவை. நடுவில் ஒரு கூட்ஸ் நின்றது. நான் குனியப் போனேன். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். கடைசிப் பெட்டிவரை நடந்தோம். மகள் மெதுவாக நடந்தாள். நாங்களும் மெதுவாக நடந்தோம். என் தலையில் ஒரு காலிக் குடம். குடமில்லாமல் போனால் உள்ளேயே விடமாட்டார்கள் என்று அக்கா சொல்லியிருந்தார்.

எஞ்சின் குடித்துக்கொண்டிருந்தது. பள்ளத் தெருக்களின் பெண்கள் எல்லோரும் வரிசையில் இருந்தார்கள்.

"ஆம்பளைக்கு இங்க என்னா வேல?"

"கொடம் இருக்குதுக்கா" என்று தூக்கிக் காட்டினேன்.

"அட, மைக்கு! இன்னிக்கு யாருக்குக் கேக்கற? எஞ்சினுக்கா?"

சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றேன். பிறகு சொன்னேன். "ஓட்டு ரெண்டுங்க. ரெண்டு சீட்டு குடுப்பாங்க. சேர்மனுக்கு ஒண்ணு, வார்டுக்கு ஒண்ணு. ரெண்டுலயும் குத்தலாம்."

"இத்தினி நாளா ஒண்ணுன்னு கத்திக்கினு இருந்தியே?"

"தப்பாக் கத்திட்டேங்க."

"யாரு காசு குடுத்தாங்க இப்ப மாத்திச் சொல்ல?"

மைக் இல்லாமல் என் குரலுக்கு அங்கே மரியாதை இல்லை. அப்போது அக்கா குடத்தைக் கீழே வைத்தார். ஓடும் ரயிலில் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குக் கேட்கிற மாதிரி விற்ற குரல் அது. எஞ்சின் இரைச்சலைத் தாண்டிக் கேட்டது.

"யம்மாடி, கேட்டுக்கோங்க. ரெண்டும் ஒங்க ஓட்டுதான். கள்ள ஓட்டு இல்ல. போலீஸ்காரன் ஒண்ணும் செய்யமாட்டான். எனக்குப் போடுங்கன்னு கேக்க வரல, யாருக்கு வேணுன்னாலும் போடுங்க. வெறும் சீட்ட மடிச்சிப் போட்டுட்டு வராதீங்க. இவ்ளோ தூரம் வந்து வெறுங்கொடத்த தூக்கிக்கினா வூட்டுக்குப் போவீங்க?"

மரம் அறுக்கும் மில்லில் வேலை செய்பவரின் மனைவி ஒருத்தி வரிசையில் இருந்தாள். "எங்க மொதலாளிதான ஒனக்கு எதிரா நிக்கறாரு? எங்களுக்கு எதுக்குக்கா சொல்ற?"

"நீயும் இங்கதான தண்ணி மொள்ற?" என்றார் அக்கா.

மகள் காலண்டர் தாள்களை எடுத்து வந்திருந்தாள். ஒரு குடத்தைக் கவிழ்த்து அதன் மேல் வைத்து, வரிசையில் வந்த ஒவ்வொருவரையும் இரண்டு சீட்டிலும் விரலால் தொடச் சொன்னாள். சின்னம் எதுவென்று கேட்கவில்லை. "ஜல்தி, ஜல்தி, பின்னால ஆளு நிக்கறாங்க" என்று விரட்டினாள். அவர்கள் தொட்டார்கள், சிரித்தார்கள், குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுத்த வரிசை வந்தது. விடிந்து வெயில் ஏறும்வரை நாங்கள் அங்கேயே இருந்தோம். வார்டுக்குள் வந்தபோது அந்தச் செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டிருந்தது. பள்ளத் தெருக்களில் மட்டும்.

மேட்டுத் தெருக்களுக்குப் போகவில்லை. நினைக்காமல் இல்லை. அக்கா போகலாம் என்றுதான் சொன்னார். ஆனால் அதற்குள் ஓட்டுச் சாவடி திறந்துவிட்டது. வேட்பாளர் அந்த நேரத்தில் வீடு வீடாகப் போனால் ஓட்டுக் கேட்பதாகப் பிடித்துக்கொள்வார்கள். நான் மட்டும் போய் இரண்டு வாசலில் சொன்னேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் ஒரு பெரியவர், "நேத்துவரைக்கும் ஒண்ணு, இன்னிக்கு ரெண்டா? நாளைக்கு மூணும்ப" என்றார். திரும்பிவிட்டேன்.

எண்ணிக்கையன்று நகராட்சிப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே மரத்தடியில் நின்றோம். அக்கா உள்ளே இருந்தார். எங்கள் வார்டு மேஜையில் மட்டும் ஏதோ சலசலப்பு. வெளியே வந்தவர் சொன்னார்: வெறும் சீட்டு கட்டுக் கட்டாக வருகிறதாம். மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. வெறும் சீட்டுகள் மேட்டுத் தெருச் சாவடியிலிருந்து வந்தவை. அங்கே குழாய் இருந்தது, கிணறு இருந்தது. விடியற்காலையில் தண்ணீருக்கு வெளியே வர வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. அதனால் நான் சொன்ன இரண்டு வாசலைத் தவிர யாரும் எதையும் கேள்விப்படவில்லை. பள்ளத் தெருச் சாவடியில் வெறும் சீட்டு அநேகமாக இல்லை. மில் வேலைக்காரர்களின் மனைவிகள் யாருக்குப் போட்டார்களோ, எங்களுக்குத் தெரியாது. ஆனால் இரண்டிலும் போட்டிருந்தார்கள்.

அக்கா வென்றார். மிகக் குறைந்த வித்தியாசம். மறுபடி எண்ணச் சொன்னார்கள், மறுபடியும் வென்றார்.

மரவாடிக்காரர் வெளியே வந்து என்னைப் பார்த்ததும் நின்றார். அடி விழும் என்று நினைத்தேன்.

"டேய், எனக்கும் நீதானடா கத்துன?"

"ஆமாங்க."

"எங்க வூட்டுப் பொம்பளைங்களே வெறும் சீட்ட மடிச்சிப் போட்டுட்டு வந்திருக்காங்கடா. கேட்டா, நீங்க அனுப்பன வண்டியிலதான் ஒருத்தருக்கு ஒண்ணுன்னு சொன்னாங்கன்றா எம் பொண்டாட்டி." சொல்லிக்கொண்டே வந்தவர் தாங்க முடியாமல் சிரித்துவிட்டார். பிறகு அக்காவிடம் போய், "கொழாய்க்குத் தீர்மானம் கொண்டா. எங்க கட்சிக்காரங்கள நான் கையத் தூக்க வைக்கறேன்" என்றார். சொன்னபடி செய்தார். அதை நான் சொல்லாமல் விட்டால் தப்பு.

நான் திண்டிவனம் போனேன், அங்கிருந்து வேறு வேலைக்குப் போனேன், கோலியனூர் பக்கம் ஒரு செங்கல் சூளையில் கொஞ்ச நாள் இருந்தேன். ஆனால் விழுப்புரம் வழியாகப் போகும்போதெல்லாம் இறங்கினேன். குழாய் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ரயில்வேக்கு எழுதினார்கள், ரயில்வே திரும்ப எழுதியது. அக்கா கூட்டத்துக்கும் மல்லாட்டைக் கூடையோடுதான் போவார். கூட்டம் முடிந்ததும் வண்டி பிடிக்க வேண்டுமே. மற்ற கவுன்சிலர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு கூட்டம் தொடங்குமுன் ஆளுக்கொரு ஆழாக்கு வாங்கிக்கொள்ளப் பழகிவிட்டார்கள்.

ஒருமுறை இறங்கியபோது தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் மண் தோண்டிக் கிடந்தது. அடுத்த முறை போனபோது சிமெண்டு மேடையும் குழாயும் இருந்தன. தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. இன்று வரும், நாளை வரும் என்று பெண்கள் குடத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். அக்கா திண்டிவனம் போயிருந்தார். கவுன்சிலரானாலும் காலை வண்டியை விட்டால் அன்றைய சோறு இல்லை.

மத்தியானம் குழாய் இருமியது. காற்று வந்தது, பிறகு சேறு, பிறகு செங்காவியாகத் துருத் தண்ணீர். ஒருவரும் பிடிக்கவில்லை. தெளியும்வரை ஓடட்டும் என்றார்கள். தெளிந்ததும் எதிர்வீட்டு அம்மா முதல் குடத்தை வைக்கப் போனார். வைக்காமல் கையை எடுத்துக்கொண்டார்.

"அவ வரட்டும்."

குழாயை மூடிவிட்டு எல்லோரும் காத்திருந்தார்கள். அவ்வளவு நாள் தண்ணீருக்கு அடித்துக்கொண்டவர்கள் குழாயை மூடிவைத்துக் காத்திருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். வண்டி வந்தது. அக்கா இறங்கி, ஸ்டேஷனைச் சுற்றிக்கொண்டு, கூடையோடு வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று ஓடிவந்தார்.

"ஒண்ணும் இல்ல, வா. தொற" என்றார்கள்.

அவர் திறக்கவில்லை. மகளைப் பார்த்தார். மகள் ஏற்கெனவே குடத்தை எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டாள். குழாயைத் திறந்தாள். குடம் நிறைந்தது. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"குடு, நான் தூக்கறேன்" என்று அக்கா கை நீட்டினார்.

"கைய எடும்மா. எத்தினி அடி இருக்குது வூட்டுக்கு?"

துணி அடைத்த செருப்போடு அவள் நடந்தாள். கொஞ்சம் சாய்ந்து நடந்ததால் தண்ணீர் தளும்பிப் பாவாடை நனைந்தது. அக்கா காலிக் கூடையை வைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனார். வீட்டு வாசல்வரை குடத்தைத் தொடவில்லை.